பேட்டரியின்மேல் பழி போடாதே

பாப்பாவுக்கு,

துவாஸிலிருந்து நீ அனுப்பிய குரல்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் புலம்பலை ஒதுக்கிவிட்டு, பின்னால் கேட்கிற உன் மோட்டார்சைக்கிளின் சத்தத்தை மட்டும் கேட்டேன். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் ஓய்வு நாளிலாவது படிப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

இரவு முழுக்க மழை. வேலையிடத்துத் திறந்தவெளியில் வண்டி நனைந்துகொண்டே நின்றிருக்கிறது. காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து பட்டனை அழுத்தினாய், ஸ்டார்ட் ஆகவில்லை. இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் புதுப் பேட்டரி போட்டு, இனிக் கவலை வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நீயும் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தாய். எனக்குத்தான் நிம்மதி இல்லை.

ஏனென்றால் உன் பதிவில், எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. முதல் தடவை அழுத்தும்போதும் வேகமாகச் சுற்றுகிறது, அடுத்த தடவையும் அப்படியே. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் இந்தச் சத்தமே வராது. 'டிக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்கும், அல்லது 'டிக்டிக்டிக்' என்று பொரியும். மீட்டர் விளக்கு மங்கிப்போகும். பதிவின் கடைசியில் சத்தம் இழுத்து இழுத்து வருகிறதே, அது நீ பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்ததால் பேட்டரி களைத்துப்போனது. பட்டறைக்காரர் மீட்டர் வைத்தபோது அந்தக் களைத்த பேட்டரியைத்தான் அளந்திருப்பார். அவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவசரப்பட்டுவிட்டார். அவர் பேட்டரியை மாற்றி முடிப்பதற்குள் வண்டி காய்ந்துவிட்டது. காய்ந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நல்ல பெயர் புதுப் பேட்டரிக்குப் போய்விட்டது. அடுத்த பெருமழையில் அதே வண்டி அதே இடத்தில் நிற்கப் போகிறது. இதைச் சொல்ல எனக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

இத்தனை வருடம் பட்டறையில் நின்றதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மழை பெரும்பாலும் புதிதாக எதையும் பழுதாக்குவதில்லை. ஏற்கெனவே எங்கோ விரிந்திருந்த வெடிப்பை, உரிந்திருந்த வயரை, பச்சைப் பூத்திருந்த இணைப்பைக் கண்டுபிடித்து அதற்குள் புகுந்துகொள்கிறது. வெயில் அடித்ததும் வெளியே போய்விடுகிறது. வெடிப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது. இந்தச் சிங்கப்பூரில் மழைக்காலம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, நீ வேலை முடித்து வருகிற அதே விடியற்காலையில், சுமத்ரா காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். 1991 முதல் 2020 வரையிலான சராசரியைப் பார்த்தால் வருடத்துக்கு 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழை நாட்கள். கிட்டத்தட்ட இரண்டு நாளைக்கு ஒரு முறை உன் வண்டி நனையும்.

அதனால் அடுத்த முறை வண்டி நின்றால், முதலில் பட்டனிலிருந்து கையை எடு. செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதே. அரை நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி அழுத்த வேண்டும். இல்லையென்றால் மோட்டாரும் சூடாகும், பேட்டரியும் இறங்கும். பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால், செல்ஃப் சுற்றினாலும், பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குக்குப் போதிய மின்சாரம் போகாது. அப்புறம் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

பட்டனை அழுத்தியும் ஒரு சத்தமும் வரவில்லை என்றால், சிவப்பு நிற எஞ்சின் நிறுத்து சுவிட்சைப் பார். சிரிக்காதே. மழைக்கோட்டைக் கழற்றும்போது கைப்பட்டை உரசி அது மாறிவிடும். அதைக் கவனிக்காமல் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு காக்கி புக்கிட் பட்டறை வரை என்னிடம் வந்தவர்கள் உண்டு. நான் சுவிட்சைத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்தது பக்கவாட்டு ஸ்டாண்டின் சுவிட்ச். அது கீழே, முன்சக்கரம் வாரியடிக்கிற சேற்று நீர் நேராகப் படுகிற இடத்தில் இருக்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச்சைப் பிடித்தால் வேலை செய்கிறதா என்று பார். ஸ்டாண்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கு. பிறகு ஃபியூஸ். இவ்வளவுதான், இதற்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் நெருப்பு வரவில்லை. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் 'ம்ம்ம்' என்று இரண்டு மூன்று விநாடி ஒரு முனகல் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். உன் பதிவில் அந்த முனகல் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே நான் பிளக்கைத்தான் சந்தேகப்படுகிறேன். பிளக்கைக்கூட இல்லை, அதன் தலையில் மாட்டியிருக்கிற ரப்பர் கேப்பை.

பேட்டரி தருவது 12 வோல்ட். இக்னிஷன் காயில் என்கிற கம்பிச்சுருள் அதை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தூக்கிவிடுகிறது. அவ்வளவு மின்சாரம் எளிதான வழியைத் தேடும். கேப் நன்றாக இருந்தால் பிளக்கின் முனைக்கு இறங்கி, அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிக் குதித்துப் பொறியாகும். கேப்பில் மயிரிழை வெடிப்பு இருந்து, அதில் அழுக்குத் தண்ணீரும் படிந்துவிட்டால், வெளிப்பக்கமாகவே வழிந்து எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். உள்ளே பெட்ரோல் காத்திருக்கும், நெருப்பு வராது. இருட்டின பிறகு கார்ப்பேட்டையின் விளக்கில்லாத மூலையில் கேப்பின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கையை எதிலும் வைக்காமல், வேறு யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லிப் பார். வெடிப்பு இருந்தால் நீல நிறத்தில் மெல்லிய கோடுகள் கேப்பைச் சுற்றி நெளிந்து ஓடும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. பட்டறைகளில் பலர் இதைத் தவறவிடுவது அதனால்தான்.

அதற்கு என்ன செய்வது? சாவியை அணை. எஞ்சின் ஆறியிருக்கட்டும். கேப்பைப் பிடித்து நேராக மேலே இழு. வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். இதைக் கவனமாகப் படி: கேப்பைக் கழற்றியதும் பிளக்கைக் கழற்ற ஸ்பானரை எடுக்காதே. பிளக் உட்கார்ந்திருக்கிற குழியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். பிளக்கைத் திருகி எடுத்த நொடியில் அந்தத் தண்ணீரும் மணலும் நேராக எஞ்சினுக்குள் விழும். துணியின் முனையை முறுக்கிக் குழிக்குள் விட்டுத் துடை, கைப்பம்பு இருந்தால் காற்றடி. அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வெளியேற எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சேறு அடைத்துக்கொண்டிருக்கும், மெல்லிய கம்பியால் குத்திவிடு. கேப்பின் உட்புறத்தையும் துடைத்து, டபிள்யூடி-40 ஒரு பீச்சு அடித்து, வழிவதைத் துடைத்துவிட்டு, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டு. ஈரத்தை விரட்டுவதற்கென்றே செய்த எண்ணெய் அது. இந்த அளவிலேயே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கேப்பை மாற்றினால்தான் சரியாகும். அது பேட்டரியின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

பெட்ரோலில் தண்ணீர் கலப்பது அபூர்வம், ஆனால் நடக்கும். டேங்க் மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் ஒரு பொட்டுத் துளை தெரியும். மழைத்தண்ணீர் அந்த வழியாகக் குழாயில் இறங்கி வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் டேங்குக்குள் போகும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார், கீழே வருகிறதா என்று. காற்று வடிகட்டி நனைந்திருந்தால் எடுத்துக் காயவை. முடிந்தது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மேலே சொன்னதெல்லாம் மழையில் நனைந்த வண்டிக்கு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேறு. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நாங்கள் அப்போது போத்தோங் பாசிரில், கம்பத்தில், அதாவது கிராமத்து வீட்டில் இருந்தோம். தாத்தாவின் ஹோண்டா கப் மோட்டார்சைக்கிள் இருக்கை வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியை உதை உதையென்று உதைத்துக்கொண்டிருந்தார். தாத்தா கிக்கரை உதைக்கவே இல்லை. பிளக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினார். பிளக் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீச்சியடித்து என் சட்டையை நனைத்தது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்ததற்குத் திட்டும் கிடைத்தது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது பட்டனை அழுத்தினால் பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டும். பிஸ்டனைத் தாங்குகிற கம்பி வளைந்துவிடும். பிறகு செலவைக் கேட்டால் வண்டியை விற்றுவிடலாமா என்று தோன்றும். வண்டி தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றுவிட்டாலும் இதே கதைதான். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் எண்ணெய் தே தாரிக் போல, பால் கலந்த தேநீர் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எதையும் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடு. அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. சாலையில் தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதே, சுற்றிப் போ. பொதுப் பயனீட்டுக் கழகம் டெலிகிராமில் வெள்ள எச்சரிக்கை அனுப்புகிறது, அதில் சேர்ந்துகொள்.

விரைவுச்சாலையில் வண்டி நின்றால் இந்தக் கடிதத்தை மறந்துவிடு. சாலையோரத்தில் குனிந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்காதே. மழையில் பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணுக்கு நீ தெரியமாட்டாய். தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு போன் செய். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்தில் குறித்துவைத்திருக்கிற கார்ப்பேட்டை வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும். பெருமழை பிடித்துக்கொண்டால் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்சைக்கிள்களுக்கென்று ஒதுங்கிடங்கள் கட்டியிருக்கிறார்களே, அங்கே நில். நேரமானால் ஆகட்டும்.

துவாஸ் லிங்க் வரை 2017இலேயே ரயில் வந்துவிட்டதே, அதில் போய்வரக் கூடாதா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடுநிசி ஷிஃப்டுக்கு எந்த ரயில் என்று நீயே அவளுக்குச் சொல். நான் சொன்னால் உனக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வண்டியைக் கழுவும்போது உயரழுத்தத் தண்ணீரை எஞ்சின் பக்கம் அடிக்கிறாயா? அடித்தால் நிறுத்து. மழைத்தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஈசூனுக்கு, நம் வீட்டுக்கு, வண்டியிலேயே வா. கேப் வாங்கி வைத்திருக்கிறேன், பிளக்கும் வாங்கிவிட்டேன். கீழே கார்ப்பேட்டையில் வைத்து நீயே மாட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வயரின் முனை பச்சைப் பிடித்திருந்தால் துளியளவு நறுக்கிவிட்டு மாட்ட வேண்டும், அதையும் காட்டுகிறேன். வருகிற வழியில் அந்தப் பட்டறையில் இறங்கி, கழற்றிய பழைய பேட்டரி இன்னும் இருக்கிறதா என்று கேள். இருந்தால் கேட்டு வாங்கி வா, அது உன் பொருள். சார்ஜ் போட்டு ஒரு நாள் வைத்து நான் அளந்து பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் உன் அத்தை மகன் வண்டிக்கு ஆகும்.

அப்பா