பேஸ்பால் தெரிந்தவர்களுக்குக் கிரிக்கெட்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஜப்பானில் அந்த நகோயா பள்ளிக்கூடம் பிடித்துப்போனதில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே யாவரும் நலம். மழை தொடங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடிவிடுகிறது.

உங்கள் ஊர்ப்பக்கம் ஐச்சியில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிரிக்கெட்டும் இருப்பதால் ஆபீஸ் நண்பர்கள் உன்னிடம் விளக்கம் கேட்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர்கள். வீசுவது, அடிப்பது, பிடிப்பது மூன்றும் அவர்களுக்குக் கைவந்த கலை. பேஸ்பாலில் மட்டையோடு வருகிறவன் அடிக்க வருகிறான். கிரிக்கெட்டில் அவன் முதலில் காவல்காரன். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அதனால் ரன், ஓவர், பவுண்டரி எதையும் முதலில் எடுக்காதே. ஸ்டம்பைக் காட்டு.

மூன்று குச்சி, 71 சென்டிமீட்டர் உயரம், மூன்றும் சேர்ந்து 23 சென்டிமீட்டர் அகலம், மேலே பெயில்ஸ் என்ற இரண்டு சின்னக் கட்டைகள். பவுலர் அதைச் சாய்க்கப் பார்க்கிறான், பேட்ஸ்மேன் காக்கிறான். ஒரு காலத்தில் இரண்டே ஸ்டம்ப்தான். 1775-இல் லண்டனில் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மாலைத் தாண்டி இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே மூன்று தடவை புகுந்து போயிற்று. பெயில் விழாததால் அவுட் இல்லை. நடுக்குச்சி வந்தது அதன் பிறகுதான். இதைச் சொன்னால் ஸ்டம்ப்தான் ஆட்டத்தின் மையம் என்பது அவர்களுக்கு உடனே விளங்கும்.

அடுத்து விக்கெட்டின் விலை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸுக்கு இருபத்தேழு அவுட். அவுட்டானவன் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவான். டி20-யில் 120 பந்துக்குப் பத்தே விக்கெட், போனவன் போனவன்தான். அதனால்தான் நல்ல பந்துக்கு டொக்கு வைத்துவிட்டு நிற்கிறார்கள். அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஏன் ஓடவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள், பார்.

வாயால் சொன்னது போதும், பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போ. டென்னிஸ் பந்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள். லெதர் பந்து வேண்டவே வேண்டாம். கிட்டத்தட்ட 160 கிராம் கனமுள்ள கெட்டிப் பந்து அது. கிளவுஸ் போட்டுப் பிடித்தே பழகியவர்கள் விரலை நீட்டிக்கொண்டு போய் நகத்தைப் பெயர்த்துக்கொள்வார்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர் அள. இரண்டு பக்கமும் ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னால் கிரீஸ் கோடு போடு. ஆக, கோட்டுக்குக் கோடு 17.68 மீட்டர். பேஸ்பாலில் வீசுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து அடிக்கிறவன் நிற்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் ஆச்சரியப்படுவார்கள். வித்தியாசம் கையில் இருக்கிறது. முழங்கையை மடக்கி நீட்டி எறியக்கூடாது, ஓடி வந்து கையைச் சுழற்றிப் போட வேண்டும். முதல் நாளே அதைத் திருத்த முயன்றால் பொழுது அதிலேயே போய்விடும். நீயே பந்து போடு.

முதல் கால் மணி நேரம் போல்டு, அதாவது பந்து ஸ்டம்பைத் தட்டினால், மட்டும்தான் அவுட் என்று வைத்துக்கொள். அவர்கள் மட்டையைப் படுக்கவைத்து வீசுவார்கள். ஷார்ட்டாகப் போட்டால் நெஞ்சு உயரத்துக்கு வரும் பந்தை நம் ஆட்களைவிட அழகாக லெக் சைடில், அதாவது முதுகுப் பக்கம், தூக்கி அடிப்பார்கள், பாராட்டு. பிறகு ஒரு யார்க்கர் போடு, கிரீஸ் கோட்டிலேயே, கால் விரலுக்குப் பக்கத்தில். படுத்த மட்டை காற்றை வெட்டும், பந்து அடியில் நுழைந்து ஸ்டம்பைத் தட்டும். அடுத்து குட் லெங்த். தரையில் பட்டு எவ்வளவு எழும்பும் என்று முன்கூட்டித் தெரியாத பந்து அது. படுத்த மட்டை ஒரே உயரத்தில் போகிறது, பந்து அந்த உயரத்தில் இருந்தால்தான் மாட்டும். மட்டையை நேராக, முழங்கை உயர்த்தி, பந்தின் கோட்டிலேயே இறக்கினால் பந்து எழும்பினாலும் தாழ்ந்தாலும் மட்டையில் எங்காவது படும். நேர் மட்டை என்று கோச்சுகள் உயிரை வாங்குவதற்குக் காரணம் இதுதான். நான்கு பந்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், நீ வாயைத் திறக்காதே.

அதற்கப்புறம் ஓட்டம். இங்கே ஒரு பழக்கத்தைக் கவனித்துப் பிடி: அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மட்டை கையோடு வர வேண்டும். அதை நீட்டித் தரையில் உரசிக் கோட்டைத் தாண்டினால் உடம்பு வெளியே இருந்தாலும் அவுட் இல்லை. ஒரு மீட்டர் மிச்சம். பேஸ்பாலில் பின்னால் போகும் பந்து ஃபவுல், இங்கே அது கிடையாது என்பதையும் சொல். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் போகும் பந்துக்கும் ரன் உண்டு. பந்தின் வேகத்தையே பயன்படுத்திப் பின்னால் தட்டிவிடும் லேட் கட் அவர்களுக்குப் புதுமையாக இருக்கும். ஓவர், வைடு, நோ பால் எல்லாம் ஆடும்போதே வந்துவிடும்.

ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்கிற எல்.பி.டபிள்யூ.வைப் பூங்காவில் வைக்காதே, சண்டைதான் மிஞ்சும். டிவி முன்னால் உட்கார்ந்து சொல். காவல்காரன் மட்டையால் காக்கலாம், காலால் காக்கக்கூடாது. அவ்வளவுதான் அதன் நியாயம். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேள். பந்து எங்கே குத்தியது? காலில் எங்கே பட்டது? கால் இல்லாவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா?

லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது, நடு ஸ்டம்பைப் பெயர்க்கிற பந்தானாலும் அவுட் இல்லை. பக்கவாட்டில் நிற்கும் பேட்ஸ்மேனுக்கு முதுகுப் பக்கமாக வரும் பந்தை ஆடுவது கடினம். அதற்கும் அவுட் என்றால் எல்லாரும் அந்தப் பக்கமே குத்திக்கொண்டிருப்பார்கள், ஆட்டம் செத்துப்போகும். எதிர்ப்பக்கம், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வந்தால் அவுட் உண்டு. 1935-இல் சோதனையாகக் கொண்டுவந்த மாற்றம் அது. அதற்கு முன் பந்து ஸ்டம்புக்கு நேராகக் குத்தினால்தான் அவுட், அதனால் வெளியே குத்தும் பந்தை எல்லாம் பேடால் உதைத்துத் தள்ளினார்கள். காலில் பட்ட இடமும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே என்றால், ஆட முயன்றவன் தப்பிப்பான், மட்டையைத் தூக்கிக்கொண்டு காலைக் கொடுத்தவன் மாட்டிக்கொள்வான். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முயற்சி செய்தவனுக்குச் சலுகை தருகிறது.

அப்பீல் இல்லாமல் அம்பயர் அவுட் கொடுக்க மாட்டார் என்பதையும் மறக்காமல் சொல். எதற்கு இத்தனை பேர் சேர்ந்து கத்துகிறார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். ரீப்ளேயில் பந்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் உரசுகிறது என்று காட்டினால் அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். அப்போது ஒரே படத்துக்கு ஒருவன் அவுட், இன்னொருவன் நாட் அவுட் என்று ஆகும். குழம்புவார்கள். கணினி காட்டும் பாதை கணிப்புதான் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

யாராவது டெஸ்ட் பற்றிக் கேட்டால் டிராவும் டையும் வேறு வேறு என்பதை மட்டும் சொல். ஐந்து நாளில் ஆட்டம் முடியாவிட்டால் டிரா. ஆட்டம் முடிந்து இரு அணியின் மொத்த ரன்னும் சமமாக இருந்தால் டை. டெஸ்டில் டை இரண்டே முறைதான்: 1960-இல் பிரிஸ்பேன், 1986-இல் நம் சேப்பாக்கம். இந்தியாவுக்குத் தேவை 348. 347-இல் கடைசி விக்கெட், ஒரு பந்து மீதி. மணிந்தர் சிங், ஆஸ்திரேலியாவின் கிரெக் மேத்யூஸ் பந்தில் எல்.பி.டபிள்யூ. மட்டையில் பட்டதா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். மட்டையில் முதலில் பட்டிருந்தால் எல்.பி.டபிள்யூ. கிடையாது என்ற விதியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

டேப் சுற்றும்போது இழுத்து, மடிப்பில்லாமல் சுற்று. மடிப்பு விழுந்தால் பந்து கண்டபடி திரும்பி, புதிதாக ஆடுகிறவர்கள் வெறுத்துப்போவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எதில் தடுமாறினார்கள் என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்