பார்க்காமல் எழுதிய ஒரு வார்த்தை

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதற்கு நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை. போனில் பேசினால் திட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"பன்னிரண்டு பேஷண்ட்டுக்கு நான் ஒருத்தி. நாலு மணி பிபி, பல்ஸ் எல்லாம் ரெண்டு மணி ரீடிங்கைப் பார்த்து ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சு எழுதிட்டேம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாய். கடைசி வார்த்தை சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. உனக்கே உறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாததா? சாதாரண வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிற கணக்கு. பன்னிரண்டு பேரை ஒருத்தி தலையில் கட்டுவது உன் ஆஸ்பத்திரியின் தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எடுக்காத பிபியை நீ எழுதும்போது அந்தத் தப்பை நீயே மூடிக் கொடுக்கிறாய். சார்ட்டைப் பார்த்தால் பன்னிரண்டு பேருக்கும் எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கிறது. அப்புறம் யார் இன்னொரு நர்ஸை வேலைக்கு எடுப்பார்கள்?

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2009, ஐப்பசி மாதம். நீ இரண்டாம் வகுப்பு. சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு நைட் டியூட்டி. பதினொரு மணிக்கு ஒரு ஆளைத் தூக்கி வந்தார்கள். மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போனவரைக் காலில் பாம்பு கடித்துவிட்டது. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. டாக்டர் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அந்தப் பரிசோதனை உனக்குத் தெரியும். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடும். சோப்புப் போட்டுக் கழுவிய டியூபில் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும் என்பதால், பெட்டியைத் துழாவிப் புது டியூபாகப் பார்த்து எடுத்தேன். முதல் தடவை உறைந்திருந்தது. ஆனால் ஒரு தடவையோடு விடக்கூடாது, முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அப்போதைய முறை. 11.50-க்கு இரண்டாவது டியூபை ஜன்னல் திண்டில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பிரசவ கேஸ் ஒன்று வந்தது. தலைச்சன் பிள்ளை, தலை தெரிகிறது. டாக்டரும் நானும் அங்கே ஓடினோம். குழந்தை பிறந்து, அழுது, தாய்க்கு ரத்தப்போக்கு நின்று நான் திரும்பும்போது 12.30. கேஸ் ஷீட்டை எடுத்தேன். முதல் டியூப் உறைந்ததே, இதுவும் உறைந்திருக்கும் என்று "12.10 – உறைந்தது" என்று எழுதிவிட்டுத் திரும்ப லேபர் ரூமுக்குப் போய்விட்டேன். ஜன்னல் ஆறடி தூரத்தில்தான் இருந்தது.

டாக்டர் வந்து அந்த வரியைப் படித்தார். சரி, கவனித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஏன் என்னைச் சந்தேகப்படப் போகிறார்?

1.15-க்கு அந்த ஆளின் மனைவி வந்து, "சிஸ்டர், அவரு துப்புனா செவப்பா வருது" என்றாள். நேராக ஜன்னலுக்குப் போய் டியூபைச் சாய்த்தேன். ரத்தம் அப்படியே வழுவழுவென்று ஓடி மறுபக்கம் வந்தது. வைத்து ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் அது ஓடினது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

கூட இருந்த மூத்தவர் ஒருவர், "அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு வேற எழுதிக்கலாம், டாக்டருக்கு இப்பத்தான் உறையலைன்னு சொல்லு" என்றார். என்மேல் இருந்த பாசத்தில் சொன்னார். ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன் கண்ணு, உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு டாக்டரை எழுப்பி, "சார், பன்னிரண்டு பத்து டியூபை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதிவிட்டேன்" என்றேன். பழைய வரி தெரிகிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் நடந்ததை மணியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விஷமுறிவு மருந்து 10 குப்பி, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் கொடுக்கப் பக்கத்தில் அட்ரினலின் தயாராக. மருந்து ஓட ஆரம்பித்ததும் அந்த ஆளின் மனைவியிடம் போய் அதையே சொன்னேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. "இப்ப போடுற மருந்து சரியான மருந்துதானே?" என்று மட்டும் கேட்டாள். 108 வரவழைத்து சேலத்துக்கு அனுப்பினோம். அவருக்குக் கிட்னி பாதித்து டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்து வந்தார். எனக்கு மெமோ வந்தது. விளக்கத்திலும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். அன்று காலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, தலைவலியா?" என்று கேட்டு நீ தைலம் எடுத்து வந்தாய்.

அந்த விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது என்று யோசி. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அதைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்து, எங்கள் பிரிட்ஜ் வரை எத்தனை பேர் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எல்லாம் இருந்தும் ஒரு மணி நேரம் அந்த ஆளுக்கு மருந்து போகவில்லை. என் ஒரு வார்த்தைதான் காரணம்.

அதனால் கேட்கிறேன். நாலு மணிக்கு எடுக்க முடியவில்லையா, அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. "எடுக்க இயலவில்லை, 5.10-க்கு எடுக்கப்பட்டது" என்று எழுது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாயாலும் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். பன்னிரண்டு பேரையும் பார்க்க முடியாத ராத்திரியில், அன்று ஆபரேஷன் முடிந்தவர், ஆக்ஸிஜனில் இருப்பவர், "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொன்னவர், இவர்களிடம் முதலில் போ.

இன்னொன்று. உங்கள் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 20 என்றுதான் இருக்கும். இல்லை என்று சொல், பார்க்கலாம். எங்கள் வார்டிலும் அப்படித்தான். ஒரு ஆள் மோசமாகப் போகும்போது பல தடவை பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சுதான் மாறுகிறது. நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார். எண்ணுவது தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார்கள். முழு ஒரு நிமிஷம் எண்ணு.

மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் பற்றிப் படித்திருப்பாய். 1973-ல் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். 37 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்ற வழக்கில் பதிவாகியிருக்கிறது. எத்தனை தலைமுறை நர்சுகள், எத்தனை நைட் டியூட்டி! புரட்டிப் படுக்க வைக்காமல் டிக் மட்டும் போட்டிருந்தால் அந்த முதுகு காட்டிக்கொடுத்திருக்கும். மனசு சோர்ந்துபோகிற நாளில் நான் அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏற்காடு மலையில் வண்டி வெளிச்சம் கொண்டை ஊசி வளைவு வளைவாக ஏறுகிறது. அப்பா தூங்கிவிட்டார்.

நொடி முள் இருக்கிற அவருடைய பழைய வாட்சுக்கு செவ்வாய்ப்பேட்டையில் புது பேட்டரி போட்டு, பட்டையையும் சின்னதாக்கி வைத்திருக்கிறேன். செல்லைப் பார்த்து எண்ணாதே, இதைச் சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி ஊக்கும் வைத்திருக்கிறேன். தட்டுவடையோடு நாளைக்குப் பார்சல் போடுகிறேன். வந்ததும் சொல். நைட் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படு, வெறும் வயிற்றில் தூங்காதே.

உன்
அம்மா