நகராட்சி ஆணையருக்கு: பூங்காவின் கிழக்கு மூலை குறித்து

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

நம் நகரப் பூங்காவின் கிழக்கு மூலையில், பழைய மோட்டார் அறைக்குப் பின்னால் உள்ள அரை ஏக்கர் நிலத்தில், தங்கள் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இவ்வட்டாரத்தின் இயல்பான காட்டை மீண்டும் வளர்க்கும் வேலையைச் செய்துவரும் தன்னார்வலர்கள் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற மாதம் 'புதர் அகற்றும் பணி' என்ற பெயரில் அந்த மூலை முழுவதும் ஒரே காலையில் இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. வெட்டியதை அங்கேயே குவித்து எரித்தும் விட்டார்கள்.

வேலைக்கு வந்த தொழிலாளர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. உத்தரவில் புதர் என்று இருந்தது; அவர்கள் கண்ணில் பட்டதும் புதர்தான். அறிவிப்புப் பலகை ஒன்று வைக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பேசிப் பேசியே நாங்கள் தள்ளிப்போட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சோழமண்டலக் கடற்கரையின் இயல்பான காடே பார்வைக்குப் புதர்போலத்தான் இருக்கும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் இதில் வீரை, காசா, கருங்காலி, உலக்கைப்பாலை, குருந்து ஆகியவை அதிக உயரம் போகாமல் நெருங்கி வளரும்; ஊடே களாவும் காரையும் முள்வேலி கட்டும்; அவற்றின்மேல் ஆதொண்டைக் கொடி படரும். விறகுக்கும் விளைநிலத்துக்கும் வீட்டுமனைக்கும் போனது போக, இன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற சில இடங்களில்தான், அதுவும் சாமிக்குத்தம் என்று கிளை ஒடிக்க அஞ்சிய மக்களின் தயவால், இந்தக் காடு துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது.

முதல் ஓராண்டு முழுவதும் அயல்நாட்டுக் களைகளான உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் அகற்றுவதிலேயே போயிற்று. சீமைக்கருவேலம் மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் கடப்பாரை போட்டுத் தோண்டினோம். பிறகு ஐப்பசிதோறும் நாற்று நட்டோம். மூன்று மழைக்காலம் கண்ட கருங்காலி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அதன் வளர்த்தி அப்படி.

இழந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலியோரம் ஓர் ஆடுதின்னாப்பாலைக் கொடி இருந்தது. ஆடும் தொடாத அந்தக் கசப்பு இலைதான் சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவு. இயந்திரம் வருவதற்கு முந்தைய ஞாயிறன்று, செந்நுனிச் சதைமுட்களோடு ஏழு கரும்புழுக்கள் அதில் ஊர்ந்ததைப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். இப்போது அங்கே சாம்பல் கிடக்கிறது. அதன்மேல் மூன்றே வாரத்தில் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் முளைத்துவிட்டன. புதரை அகற்றச் செலவிட்ட பணத்தில் புதர்தான் வளர்கிறது. (நடைபாதையோரக் கோனோகார்ப்பஸ் வரிசையை மட்டும் இயந்திரம் தொடவில்லை, 2025-இல் தமிழக அரசே தடை செய்த மரம் அது.)

அந்த அரை ஏக்கரைப் பூங்கா வரைபடத்தில் தனியாகக் குறித்து, ஒப்பந்ததாரரின் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கித் தர வேண்டுகிறோம். எல்லைக் கல்லையும் பலகையையும் எங்கள் செலவிலேயே வைக்கிறோம். சருகை எரிக்காமல் அங்கேயே மக்க விட வேண்டும். அவ்விடத்தில் புல்தரை அமைக்கும் எண்ணம் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். புல்தரைக்குக் கோடை முழுதும் லாரித் தண்ணீர் வேண்டும், வேர்பிடித்த களாவுக்கோ மழையே போதும். களைக்கும் காட்டுச்செடிக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாளர்களுக்குக் காட்டித்தர எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறோம்.

அடியோடு வெட்டுப்பட்ட களாவிலும் காரையிலும் இப்போது துளிர் தெரிகிறது. அடுத்த சுற்று வெட்டு புரட்டாசிக் கடைசியில் என்று அறிகிறோம். அதற்கு முன் தங்கள் உத்தரவு கிடைத்தால் துளிர்த்தவை தப்பும். மற்ற இடங்களுக்கு ஐப்பசி மழையில் நட நாற்றுகளைத் தயாராக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பூங்காத் தன்னார்வலர்கள் சார்பில் ஒருவர்