கெப்போங் காட்டுக்கு ஒருமுறை வா

கோலாலம்பூர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். குழந்தை யார் சாயல் என்று நீ எழுதவில்லை, கேட்கச் சொல்கிறாள் என் மனைவி. இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வார நாட்களில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி வருகிறேன். லேக் கார்டன்ஸ் 1888இல் உருவான பழைய பூங்கா, பேரப்பிள்ளைகள் வந்தால் அங்கே போவோம். ஆனால் ஞாயிறு காலை என்றால் எனக்குக் கெப்போங் ஃபிரிம் காடுதான், அதாவது மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காடு. இந்த ஊரில் எத்தனை வருஷம் ஒன்றாக இருந்தோம், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே நாம்!

அது தானாக வளர்ந்த காடு இல்லை, மணி. 1920களில் அங்கே மரம் நட ஆரம்பித்தபோது, வெள்ளீயம் தோண்டிப் போட்ட குழிகளும் காய்கறிப் பாத்திகளும்தான் கிடந்தனவாம். சத்தே இல்லாத மண். அதில் ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். இன்று அதற்குள் நின்றால் மனிதர் நட்ட காடு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. செய்தி வந்த அன்று என் வீட்டு விசேஷம் போல எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

உள்ளே கப்பூர் மரங்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பொங்கலில் போடுகிறோமே பச்சைக் கற்பூரம், அதை அந்தக் காலத்தில் இந்த மரத்திலிருந்து எடுத்தார்கள். கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன், மண்ணெண்ணெயும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். அத்தனை நெருக்கமாக நிற்கிற மரங்கள், ஒன்றின் கிளை இன்னொன்றைத் தொடவே இல்லை. நடுவில் வானம் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. காற்றில் உரசித் தேய்ந்ததாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே ஆராய்ந்தவர்கள் உரசிய தடம் எதையும் காணவில்லையாம். பக்கத்து மரத்தை நெருங்கும்போது வெளிச்சம் குறைவதைக் கொழுந்து உணர்ந்து, வளர்வதை நிறுத்திக்கொள்கிறது என்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இன்று ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. போனது போனதுதான் என்று உன்னிடமே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! இந்தக் காட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தோண்டிப் பாழாக்கிய மண்ணில்கூட, பிடிவாதமாக நட்டுக் காப்பாற்ற ஆள் இருந்தால் காடு வருகிறது. மிச்சமிருக்கிற பசுமையை வெட்டலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதை நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா. வெயிலுக்கு முன்பே போய்விடலாம், திரும்பி வந்து பசியாறலாம். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், நீள சாக்ஸ் எடுத்துக்கொள். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஏறமுடியாது என்றாலும் பரவாயில்லை, கீழே சமதளப் பாதை இருக்கிறது. எந்த வாரம் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
ராஜு