ஓசூரில் ஆங்கிலம் கற்பிக்கும் மகளுக்கு

திருமங்கலம்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ தொலைபேசியில் பேசியது இன்னும் என் காதில் நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால் 42 தாளிலும் ஒரே கைடிலிருந்து எடுத்த ஒரே பத்தி, பிழைகூட ஒரே இடத்தில். "இவர்களுக்கு இங்கிலீஷ் எழுதவே வராதும்மா" என்று சொல்லிவிட்டு நீ சிறிது நேரம் பேசாமல் இருந்தாய். 31 ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் எழுதுவதற்குச் செய்தி இல்லை, எழுதினால் படிப்பதற்கு ஆளும் இல்லை. நீ மதிப்பெண் போட்டுவிட்டுத் தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவாய் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குக் கைடே போதும் என்று அவர்கள் முடிவு செய்ததில் எனக்கு வியப்பில்லை.

குழுவாக ஒரு செயல்திட்டம் கொடுத்துப் பார் என்று உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். பிள்ளைகளே ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்து கற்பதைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் எழுதிய செயல்திட்ட முறையை பி.எட். தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள்தான் நானும். ஆனால் முதல்முறை அதை வகுப்பில் செய்தபோது நடந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆறு ஆறு பேராகப் பிரித்து, மதுரையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள் என்றேன். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்று நம்பினேன். வடத்தைப் பிடித்தது ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு பிள்ளைதான். மற்றவர்கள் சார்ட் வாங்கினார்கள், படம் ஒட்டினார்கள், கரையோரம் ஸ்கெட்ச் பேனாவால் பூப்போட்டார்கள். நான்கு வாரத்திற்குப் பிறகு சுவர் நிறைய வண்ணம் இருந்தது. ஆனால் ஆறில் ஐந்து பிள்ளைகள் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாது என்ற நிலையை நான் உண்டாக்கவே இல்லை.

அந்த நிலையை உண்டாக்கும் வழியை ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் செய்து காட்டினார். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டிருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவன் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது என்பதால் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டின் பெயரால் அதை ஜிக்சா என்பார்கள். பகையைத் தணிக்கப் பிறந்த முறை எழுத்துப் பாடத்திற்கும் அப்படியே பொருந்துகிறது என்பதை நான் மல்லிகையில் கண்டேன்.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பூந்தோட்ட வேலை உண்டு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அவர்களுக்குத் தெரியாது; ஆனால் விடிவதற்குள் மொட்டைப் பறிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். நான்கு பேர் கொண்ட குழுக்களாக்கினேன். ஒருவர் பூப்பறிப்பவரிடமும், ஒருவர் பூக்கட்டுபவரிடமும், ஒருவர் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்வருபவரிடமும், ஒருவர் கோயில் வாசலில் பூ விற்பவரிடமும் கேட்டு வர வேண்டும். கேட்பதும் குறித்துக்கொள்வதும் தமிழில்தான். இதை யார் குறை சொன்னாலும் நீ விட்டுக்கொடுக்காதே. செய்தி தாய்மொழியில் நன்றாகப் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்தில் சொற்களைத் தேடும் பிள்ளை, தனக்கு வேண்டிய சொல் எது என்று தெரிந்து தேடுகிறது. பிறகு எல்லாக் குழுக்களிலும் சந்தையைப் பற்றிக் கேட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் பத்தியை ஆங்கிலமாக்கினார்கள், மற்றவர்களும் அப்படியே. அதற்குப் பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி நான்கையும் ஒரு கட்டுரையாகக் கோத்தார்கள். குழுவில் ஆளுக்கு ஒரு நிற மை கொடுத்திருந்தேன். தாளைப் பார்த்தால் யார் எத்தனை வரி எழுதினார் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பள்ளிக்கு வருவதற்கு முன் தினமும் பூப்பறித்துவிட்டு வரும் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், பச்சை மையில் எழுதியிருந்தாள்: "பிஃபோர் சன் வீ பிக். ஆஃப்டர் சன் நோ ரேட்." இலக்கணப்படி நொண்டும் வாக்கியங்கள்தாம். ஆனால் அவற்றில் ஒரு வேளையும் ஒரு விலையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இருந்தன. என் 31 ஆண்டுகளில் எந்தக் கைடிலும் அப்படி இரண்டு வரிகளை நான் படித்ததில்லை.

கட்டுரைகளைக் கேரளத்தில் ஒரு மலையாள வழிப் பள்ளிக்கு அனுப்பினோம். அங்கிருக்கும் ஆசிரியை எனக்குப் பயிற்சி முகாமில் பழக்கம். இருதரப்புப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். பத்து நாளில் பதினொரு கேள்விகள் வந்தன. 'முழம்' என்றால் எவ்வளவு? மொட்டாக இருந்தால் விலை அதிகம், விரிந்தால் ஏன் குறைகிறது? 'உதிரிப் பூ' என்பது கீழே உதிர்ந்து கிடக்கும் பூவா? நான் சிவப்பு மையால் எத்தனை சுழித்திருந்தாலும் உண்டாகாத அக்கறை அந்தக் கேள்விகளால் உண்டாயிற்று. முழத்திற்காக மூன்று பையன்கள் முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை அளவுகோலை வைத்து அளந்தார்கள். 39, 41, 44 சென்டிமீட்டர் வந்தது. எதை எழுதுவது என்று ஒரு பாடவேளை முழுவதும் சண்டை. கடைசியில், பூ விற்பவரின் கை எவ்வளவோ அதுவே முழம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினார்கள். நான் ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை.

திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுழிக்காதே. பிள்ளை தாளை மூடிவிடும். முதல் வாசிப்பில் குழுவிலுள்ள மற்றவர்கள் தங்களுக்குப் புரியாத இடத்தை மட்டும் கேட்கட்டும். அடுத்த வாசிப்பில் வினைச்சொல்லின் காலம் மட்டும். அதற்கடுத்ததில் 'இஸ்', 'ஆர்', 'தி'. "அவர் ஆசிரியர்" என்று நாம் வினையே இல்லாமல் முழு வாக்கியம் சொல்கிறோம். ஆகவே நம் பிள்ளைகள் 'இஸ்' போட மறப்பது அறியாமையால் அன்று, தமிழ்ப் பழக்கத்தால். இதைச் சொல்லிக் கொடுத்தால் அவர்களே தேடிப் பிடித்துவிடுவார்கள். எழுத்துப் பிழை கடைசியில் வரட்டும். முடிவில் ஒவ்வொருவரும் குழுத்தாளைப் பார்க்காமல் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். குழுவுக்குப் பாதி மதிப்பெண், இதற்குப் பாதி. அது இல்லாவிட்டால் நான் பழைய சார்ட்டில் செய்த தவறுதான் திரும்பவும் நடக்கும்.

தலைமையாசிரியர் பாடம் முடியவில்லையே என்பார். வாரத்திற்கு இரண்டு பாடவேளை, ஆறு வாரம், பருவத்திற்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். வகுப்பில் என்ன செயல்பாடு நடக்கிறது என்று அவர் கேட்டால் இதையே காட்டிவிடு.

உன் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னாய். அங்கே ரோஜா விளைகிறது. பசுமைக்குடிலில் வேலை பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர், பூவை எந்நேரம் வெட்டுகிறார்கள், எப்படிக் கட்டி எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரித்துப் பார். என் பிள்ளைகளுக்கு ரோஜாவைப் பற்றி எதுவும் தெரியாது, உன் பிள்ளைகளுக்கு முழம் தெரிந்தாலும் மாட்டுத்தாவணி தெரியாது. எங்கள் மல்லிகைக் கட்டுரைகளின் நகலைத் திங்கட்கிழமை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வகுப்பில் படிக்கக் கொடுத்து, கேள்விகளை உன் பிள்ளைகளின் கையெழுத்திலேயே அனுப்பு. நீ திருத்த வேண்டாம். நான் மே மாதம் ஓய்வு பெறுவதற்குள் ஒரு சுற்றாவது முடித்துவிடலாம்.

இரவில் அங்கே குளிர் அதிகம் என்றாயே, அப்பா உன் பழைய கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறார். அதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா