தொப்பியைக் கழற்றச் சொல்வது யாரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடை, ஸ்டைல் என்று பத்திரிகைகளில் எழுதும்போது பட்டுப்புடவை, கல்யாண நகை, நடிகர் போட்ட சட்டை என்றுதான் எழுதுகிறார்கள். பெங்களூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு தலையில் இருக்கிற நெட் தொப்பியைப் பற்றி யாரும் எழுதக் காணோம். முன்பக்கம் ஸ்பாஞ்சு வைத்து நிமிர்ந்து நிற்கும், பின்பக்கம் பிளாஸ்டிக் வலை, கழுத்துப் பக்கம் முளையை ஓட்டையில் அழுத்தி மாட்டுகிற பட்டை. கடைக்காரர்கள் ட்ரக்கர் கேப் என்பார்கள்.

நான் கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். நாமக்கல், சேலம், ஈரோட்டு வண்டிகள் வந்து இறங்குகிற இடம். டிரைவரோ கிளீனரோ லோடு இறக்குகிறவரோ, பாதிப் பேர் தலையில் இதுதான் இருக்கும். முக்கால்வாசி காசு கொடுத்து வாங்கியதும் இல்லை, டயர் கம்பெனி கொடுத்தது, ஆயில் கம்பெனி கொடுத்தது, சிமெண்ட் கடையில் கொடுத்தது. யார் தலைக்கும் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அண்ணன் போட்டதைத் தம்பி போடுவான், அளவு கேட்கிற வேலையே கிடையாது. வியர்வை வலை வழியாகக் காய்ந்துவிடும். ராத்திரி சோப்புப் போட்டுக் கையால் கசக்கி, ஒரு சின்னப் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி வைத்தால் காலையில் வடிவம் கெடாமல் இருக்கும்.

குறையும் உண்டு. வலை வழியாக வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் வெயில் சுருக்கென்று குத்தும். அதனால்தான் பழைய ஆட்கள் நனைத்த துண்டைத் தலையில் போட்டு, பிடரி மறைகிற மாதிரி பின்னால் தொங்கவிட்டு, அதன் மேல் தொப்பியை அழுத்திவிடுகிறார்கள். துண்டும் நழுவாது, தொப்பியும் பறக்காது. இதைவிட அழகான உடுப்பை நான் எம்.ஜி. ரோட்டில்கூடப் பார்த்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் இது இப்படித்தான் பரவியிருக்கிறது. 1960, 70களில் மாட்டுத்தீவனம், விதை, டிராக்டர் விற்ற கம்பெனிகள் பெயரை முன்னால் பெரிதாக அச்சடித்து விவசாயிகளுக்கும் லாரி டிரைவர்களுக்கும் சும்மா கொடுத்தார்கள். ஸ்பாஞ்சும் வலையும் மலிவு, முன்பக்கம் விளம்பரப் பலகை மாதிரி அகலம். 2000களின் தொடக்கத்தில் ஜஸ்டின் டிம்பர்லேக், பாரிஸ் ஹில்டன், ஆஷ்டன் குட்சர் மாதிரி பிரபலங்கள் தலையில் ஏறியதும் வான் டச் என்ற பிராண்ட் பெயர் போட்ட அதே வகைத் தொப்பி நல்ல விலைக்குப் போனது. சில வருஷத்தில் அந்த மோகம் அடங்கியது, அப்புறம் திரும்பவும் வந்தது. லாரிக்காரர்கள் மட்டும் இடையில் எப்போதும் கழற்றவே இல்லை. மோகம் வரும், போகும், ஆனால் வெயிலில் நிற்கிறவனுக்கு இது தினமும் வேண்டும். இத்தனை வருஷமாக இந்தத் தொப்பி நிலைத்து நிற்க இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதை எழுத வைத்தது வேறு விஷயம். போன மாதம் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு ஐ.டி. ஆபீசுக்கு நாற்காலி லோடு போனது. டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க நானும் கூடப் போயிருந்தேன். கேட்டில் எங்கள் டிரைவர் அண்ணனைப் பார்த்து, "தொப்பியைக் கழற்று" என்றார்கள். மரியாதை இல்லாத அந்தக் 'கழற்று' இன்னும் காதில் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரர் ஒன்றும் பேசாமல் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நெற்றியில் தொப்பி இருந்த இடம் வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே வெயில் பட்டுக் கறுத்த இன்னொரு நிறம். அதே நேரம் அந்தக் கம்பெனி பெயரே போட்ட நெட் தொப்பியோடு இரண்டு பையன்கள் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

செக்யூரிட்டிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மேலே இருப்பவர்கள் சொன்னதை அவர் செய்கிறார். கேமராவில் முகம் தெரிய வேண்டும் என்றால் சரி, நியாயம்தான். ஆனால் விதி என்றால் உள்ளே போகிற எல்லோருக்கும் அதே விதி இருக்கட்டும், "கொஞ்சம் கழற்றுங்க" என்று மரியாதையோடு கேட்கட்டும். டிரைவர் போட்டால் ஒழுங்கில்லை, இன்ஜினியர் போட்டால் ஸ்டைல் என்பதை ஏற்க முடியாது. ட்ரக்கர் என்றால் லாரிக்காரர், அவர்கள் தலையில் இருந்ததால்தான் இந்தத் தொப்பிக்கே பெயர் வந்தது.

தொப்பி கொடுக்கிற கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே அட்டை வைத்து முன்னால் நீட்டியிருக்கிற முனை முதல் மழையிலேயே ஊறி மடங்கிவிடுகிறது, பட்டை ஒரு கோடை தாண்டுவதில்லை, அப்புறம் ஊக்கு குத்திக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் பெயரைச் சுமந்து ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நெற்றியில் ஒரு நல்ல பருத்திப் பட்டையாவது வைத்துத் தையுங்கள்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் மகிழ்வேன். புகைப்படக்காரரை விடிகாலையில் அனுப்புங்கள், பகல் நெரிசலுக்கு முன் சரக்கை இறக்கியாக வேண்டும் என்பதால் அப்போதுதான் எல்லா வண்டிக்காரர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் ஊழியர்,
கலாசிபாளையம், பெங்களூரு