மாடித்தோட்டத்துக்கு எதுக்குங்க அவ்ளோ காசு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஞாயித்துக்கிழமை இணைப்புல மாடித்தோட்டம் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் பச்சைப்பசேல்னு கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கீழ பெட்டிக்குள்ள ஒரு சாமான் லிஸ்ட் கொடுத்திருந்தீங்களே, குரோ பேக் (செடி வெக்கற பை), இரும்பு ஸ்டாண்டு, பச்சை வலை, சொட்டுநீர் செட்டு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, பாக்கெட் விதைன்னு, அதை கூட்டிப் பாத்தா எங்க வீட்டு ஒரு மாச மளிகைக்கே ஆயிரும் போல இருக்கு. நாங்க அம்மாப்பேட்டைல வாடகை வீடு, தறி வேலை, வாரக்கூலி. எங்களாட்டம் இருக்கறவங்க அந்த லிஸ்ட்டை படிச்சா "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது"ன்னு பேப்பரை மடிச்சு வெச்சிருவாங்க, அதுக்கோசரம்தான் இந்த லெட்டர். கையில இருக்கற கொஞ்சக் காசை மண்ணுக்கு மட்டும் போட்டா போதும்ங்க, மத்தது எல்லாம் தெருவுலயே கிடைக்குது.

மொதல்ல எதைப் போடறதுன்னு பாக்கலாம். எல்லாரும் தக்காளில தான் ஆரம்பிக்கறாங்க. 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறைத் தாண்டுச்சே, அப்ப எங்க தெருவுல பாதி மாடில தக்காளி நாத்துதான், நாத்து விட்டு எடுத்து நட்டு பூத்து காய்ச்சு பழுக்க சுளுவா மூணு மாசம் ஆகுது, அதுக்குள்ள சந்தைல வெலை எறங்கியே போச்சு. நாலு பேரு இருக்கற வீட்டுக்கு நாலு செடி தக்காளி சாம்பாருக்கே பத்தாதுங்க. அதனால கிலோ கணக்குல வாங்கற காயை விட்டுட்டு, கட்டா கொத்தா வாங்கற சாமான் இருக்கு பாருங்க, கீரை, புதினா, கருவேப்பிலை, மல்லித்தழை, பச்சை மொளகா, அதுல ஆரம்பிக்கறதுதான் லாபம். அஞ்சும் பத்துமா தெனமும் போற காசு அது, கணக்குலயே வராது. அதோட வாங்கறதுல பாதி அழுகித்தானே போகுது.

கீரைக்கு ஆழம் வேண்டாம், அரை அடி மண்ணு இருந்தா தாராளம். மீன் கடைல ஐஸ் போட்டு வர்ற தெர்மாகோல் பெட்டிய வெளிய தூக்கிப் போடுவாங்க, கேட்டா சும்மாவே கொடுப்பாங்க, நல்லா கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சு (உப்பும் போகணும் வாடையும் போகணும், இல்லைன்னா தெருப் பூனை பூரா உங்க மாடிலதான் குடித்தனம்) அடில ஓட்டை போட்டுக்கிட்டா கீரைக்கு அதை விட நல்ல தொட்டி கெடையாது, வெயிட்டும் இல்லை. சிறுகீரை விதை கடுகை விட சின்னது, அப்படியே தூவுனா ஒரே எடத்துல கொத்தா விழும், அதனால ஒரு பிடி மணல்ல கலந்து தூவணும். எங்க மாமியார் அதுல ஒரு ஸ்பூன் அரிசி நொய்யும் சேர்ப்பாங்க. எதுக்குன்னா, கீரை விதைய எறும்பு ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போயிரும், நொய் கெடந்தா எறும்பு மொதல்ல அதைத்தான் தூக்கும், அதுக்குள்ள ரெண்டு மூணு நாள்ல விதை மொளைச்சிரும். காலைல போய் பாத்தீங்கன்னா செவுத்தோரமா வெள்ளை வெள்ளையா நொய்யை தூக்கிக்கிட்டு வரிசை போகும், மண்ணு மேல செவப்பா ஊசி முனையாட்டம் மொளை எட்டிப் பாக்கும். சிறுகீரைய இருபத்தஞ்சு நாள்ல புடுங்கிரலாம், அரைக்கீரைய புடுங்காம கிள்ளிக்கிட்டே இருந்தா மாசக்கணக்குல வரும், அதனால காசு கம்மியா இருக்கறவங்க அரைக்கீரைல ஆரம்பிங்க.

விதைக்கு காசே வேண்டாம்னு சொல்லலாம். மளிகைக்கடை வெந்தயத்தை ராத்திரி ஊற வெச்சு போட்டா மூணு வாரத்துல கீரை. கொத்தமல்லிய கட்டையால லேசா நசுக்கி ரெண்டா உடைச்சுப் போடணும், ஆனா பங்குனி சித்திரை வெயில்ல நம்ம ஊருல மல்லி சரியா வராது, அப்ப வெதைய வீணாக்காதீங்க. வரமொளகா விதை, அடுப்படில இருக்கற கடுகு, எல்லாம் மொளைக்கும். புதினாவுக்கு உழவர் சந்தைல கட்டு வாங்கறப்ப தண்டு முத்துனதா பாத்து வாங்கி, இலைய ஆய்ஞ்சுட்டு தண்டை தண்ணில வெச்சா வேர் விட்டுரும். அம்மாப்பேட்டை சந்தைல ஒரு பாட்டிம்மாகிட்ட வேரோட ஒரு கொத்து கேட்டேன், "நட்டுக்கிட்டா அப்பறம் எங்கிட்ட எங்க வாங்க வரப் போற கண்ணு"ன்னு சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க, காசு வாங்கலை. கருவேப்பிலைக்கு நர்சரி போகாதீங்க, பெரிய மரத்துக்குக் கீழ வேர்ல இருந்து கன்னு வெடிச்சு வந்திருக்கும், மழை பேஞ்ச மறுநாள் வேரோட தோண்டி எடுத்துக்கலாம். மொத ஒரு வருசம் அது மேல கை வெக்காம இருக்கணும், அதுதான் கஷ்டம்.

இப்ப மண்ணு. இதைத்தான் உங்க கட்டுரைல ரெண்டே வரில முடிச்சிட்டீங்க. செம்மண்ணை மட்டும் தொட்டில நெப்புனா நாலு தடவை தண்ணி விட்டதும் செங்கல்லா இறுகிப் போயிரும், வேர் எறங்காது. மூணுல ஒரு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு மக்குன எரு, ஒரு பங்கு பொலபொலன்னு ஏதாவது. அந்த பொலபொலப்புக்குத்தான் கோகோபீட் வாங்கச் சொல்றாங்க, நான் கரும்புச் சக்கை வெச்சே ஓட்டறேன். ஜூஸ் கடைக்காரர் சாயங்காலம் மூட்டை கட்டி குப்பைக்குத்தான் போடுவாரு, கேட்டா அள்ளிக்கோங்கம்பாரு. இனிப்பு இருக்கறதால எறும்பு மொய்க்கும், ரெண்டு மூணு நாள் நல்லா வெயில்ல காய வெச்சு, சின்னதா வெட்டி, மக்க வெச்சுத்தான் போடணும், பச்சையா போட்டா அது மக்கறதுக்கு செடிக்குப் போக வேண்டிய சத்தையே இழுத்துக்கும். மக்க வெக்கறதுக்கு பெயிண்டர் கிட்ட பழைய பக்கெட்டு ஒண்ணு, சுத்தியும் அடிலயும் ஓட்டை, கீழ சக்கை, மேல காய்கறித் தோலு, மறுபடி சக்கை, ஒரு கை பழைய மண்ணு, புளிச்ச மோர் கொஞ்சம். இப்படியே அடுக்கு. வாரம் ஒருக்கா கிளறி விடணும். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், சக்கை இன்னும் கொஞ்சம் போட்டா நின்னுரும். சோறு, கொழம்பு, மீன் முள்ளு எதுவும் போடக்கூடாது, எலி வந்துரும். நம்ம சேலத்து வெயிலுக்கு ரெண்டு ரெண்டரை மாசத்துல டீத்தூள் கணக்கா ஆயிரும்ங்க.

காசு போடறதுன்னா நான் சொல்றது ஆட்டு எருவும் கடலைப் புண்ணாக்கும்தான். ஆட்டுப் புழுக்கைய அப்படியே போடக்கூடாது, மூட்டைல தண்ணி தெளிச்சு மாசக்கணக்குல மக்க விடணும், இல்லைன்னா சூட்டுல வேர் கருகிரும். புண்ணாக்கு செக்குக் கடைல கால் கிலோ அரை கிலோவா வாங்கிக்கலாம், மூணு நாள் ஊற வெச்சு ஒண்ணுக்கு பத்து தண்ணி கலந்து ஊத்துனா போதும். ஊற வெக்கற மூணு நாளும் வீடே நாறும், மாமியார் திட்டுவாங்க, வேற வழியில்லை.

மாமாங்கம், சூரமங்கலம் பக்கம் இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். அங்க வெள்ளைக்கல் கரடு, மேக்னசைட் வெட்டற எடம் பக்கத்துல மண்ணே வெளுத்த மாதிரி இருக்கும், கார மண்ணு. அதுல செடி வெச்சா கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் காரத்துல வேரால எடுத்துக்க முடியாது. அதுக்கு யூரியா போட்டுக்கிட்டே இருந்தா ஆகாது, வேற எடத்து செம்மண்ணு ரெண்டு மூட்டை கொண்டாந்து எரு நெறைய கலந்து வெக்கறதுதான் வழி. போர் தண்ணி உப்பா இருக்கற வீட்டுலயும் இதே கதைதான், தொட்டி விளிம்புல வெள்ளையா பூத்து நிக்கும், மழைத்தண்ணிய ஒரு டிரம்முல புடிச்சு அப்பப்ப நல்லா ஊத்தி அலசி விடணும்.

அப்பறம் ஏற்காடு. லீவுல மேல போனா திரும்பி வர்றப்ப ஆளாளுக்கு ஒரு செடி வாங்கிட்டு எறங்கறது வழக்கமா போச்சு, ரோஜா, சவ்சவ் கொடி, மலை பீன்ஸ்னு. அது ஐயாயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட இருக்கற ஊரு, இங்க கொண்டாந்து மொட்டை மாடி வெயில்ல வெச்சா ஒரு மாசம் தாக்குப் புடிச்சா பெரிசு. சவ்சவ் கொடி படரும், காய்க்காது. அந்தக் காசுக்கு ஏற்காட்டுலயே காயா வாங்கிட்டு வந்து கூட்டு வெச்சுச் சாப்புடலாம். கீழ நமக்கு கொடின்னா அவரை, பீர்க்கன், சொரை, பாகல்தான்.

அவரைல ஒரு விசயம் இருக்கு. பந்தல் அவரை பகல் பொழுது சுருங்குனாத்தான் பூக்கும், அதான் ஆடில போட்டா ஐப்பசி கார்த்திகைல பூத்து தை வரைக்கும் காய்க்குது. தைல போட்டு, கொடி ஓடுது ஓடுது பூவே காணோம்னு கேக்கறவங்க நெறைய பேரு. அதுக்கு டானிக் வாங்கி அடிக்கறாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அவசரமா வேணும்னா குத்து அவரை போடுங்க, அது எப்ப போட்டாலும் காய்க்கும்.

பப்பாளிக்கு கீழ ஒரு மூலை இருந்தா போதும். சாப்புட்ட பழத்து விதைல வர்றது ஆணா பொண்ணா தெரியாது, மூணு நாலு கன்னு வெச்சு பூ வந்ததும் பாத்து எடுத்துக்கணும். ஆனா பப்பாளின்னாலே மாவுப்பூச்சி வரும்னு எங்க பக்கம் பயப்படறாங்க, பயத்துக்கு காரணம் உண்டு. 2008ல கோவைப் பக்கம் மொதல்ல தெரிஞ்ச அந்த வெள்ளைப் பூச்சி அடுத்த ரெண்டு வருசத்துல பப்பாளி, மல்பெரி, நம்ம மரவள்ளி எல்லாத்தையும் பஞ்சு ஒட்டுனாப்ல மூடிருச்சு, மேல மெழுகு இருக்கறதால எந்த மருந்தும் உள்ள எறங்கலை. கடைசில 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கண்ணுக்கே தெரியாத சைஸ்ல குட்டிக் குளவிய பெங்களூருக்குக் கொண்டாந்து, இங்க பெருக்கி தோட்டத்துல விட்டாங்க, அசரோபேகஸ் பப்பாயேன்னு பேரு, அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வெச்சு அழிச்சிரும். அந்தக் குளவி வந்தப்பறம்தான் மரவள்ளிக்காரங்களுக்கு மூச்சு வந்துச்சு. அதனால வெள்ளையா ரெண்டு புள்ளி பாத்ததும் கடுமையான மருந்தை அடிக்காதீங்க, குளவிதான் மொதல்ல சாகும். தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு, சாயங்காலமா லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு தெளிச்சா போதும்.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு பூச்சிய விட பெரிய பிரச்சினை ஓனர்தான். மாடி ஒழுகும்பாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். இருபது லிட்டர் பக்கெட்டுல ஈர மண்ணு இருந்தா முப்பது கிலோ வரைக்கும் வெயிட்டு வரும், நடு மாடில கும்பலா வெக்காம கைப்பிடிச் செவுத்தோரமா வரிசையா வைங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ செங்கல் கொடுத்து தூக்கி வைங்க, தரை காயும், பெருக்கவும் முடியும். அடில தட்டு வெச்சு தண்ணி தேங்க விட்டா டெங்கு கொசு வரும், மாநகராட்சிக்காரங்க வந்தா சத்தம் போடுவாங்க. எங்க ஓனரம்மா மொதல்ல முகத்தைத் தூக்கிக்கிட்டாங்க, அரைக்கீரை வாரா வாரம் கீழ போக ஆரம்பிச்சதும் இப்ப அவங்களே "மொளகாச் செடி ஒண்ணு வெச்சுக் கொடும்மா"ங்கறாங்க.

இதுல பேப்பர்காரங்க செய்யக்கூடியது சிலது இருக்குங்க. தோட்டக்கலைத் துறை மானியத்துல மாடித்தோட்ட கிட் கொடுக்கற திட்டம் 2013-14லயே சென்னை, கோவைல ஆரம்பிச்சு பின்னால மத்த ஊருக்கும் வந்துச்சு, ஆனா நம்ம மாவட்டத்துல இப்ப எந்த ஆபீஸ்ல, என்ன வெலைக்கு, ஆதார் ஜெராக்ஸ் வேணுமா போட்டோ வேணுமான்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டா தறிக்கு லீவு போட்டு அலைய வேண்டியதில்லை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல பயிற்சி இருந்தா தேதிய முன்னாடியே போடுங்க, நடந்து முடிஞ்சப்பறம் அதிகாரிங்க குத்துவிளக்கு ஏத்தற போட்டோ போடறீங்க, அது எங்களுக்கு எதுக்குங்க. மாநகராட்சி நுண்ணுரக் கூடத்துல நம்ம வீட்டுக் குப்பைலதானே உரம் பண்றாங்க, அது எந்தக் கூடத்துல, என்னைக்கு, எங்களாட்டம் ஒரு மூட்டை வேணுங்கறவங்களுக்கு கொடுப்பாங்களான்னு உங்க நிருபர் ஒருத்தர் போய் கேட்டு எழுதட்டும். ஆனி முடியப் போகுது, ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துச்சுன்னா அவரை போடறதுக்கு சரியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.